பழம்பொருட் பற்று

உலகின்கண் வாழும் மக்கள் தம் முன்னோர் வைத்துச்சென்ற பொருள்களைக் காணுந்தோறும் நெஞ்சம் நெகிழ்தல் இயல்பே. பாட்டனார் சாய்ந்திருந்த நாற்காலி, பாட்டியார் பூட்டித் திறந்த மரப்பெட்டி, தந்தையார் சுவடி வைத்து ஓதிய சிறு பலகை என்றின்னவை கண்ணிற்படின், அவற்றின் மரவிலையை யாரும் நினையார். அவற்றைக் கையாண்டவரையே நினைவர். இந்நெகிழ்ச்சி அன்பின்பாற் படுவதோ, பாசத்தின்பாற் படுவதோ என்பதே ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட வினா. நாற்காலியும் பெட்டியும் சித்தாந்த ஆராய்ச்சிக்கு எற்றுக்கு என்று சிலர் நகையாடலாம். மலமாயாகன்மங்களைப்பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நாம், அவை நம் வீட்டுக் கூடத்தில் எவ்வுருக்கொண்டு நிற்கின்றன என்று ஒருகால் திரும்பி நோக்குதல் குற்றமாகாது.

இவ்வினா இக்காலத்து எழுதற்குக் காரணமும் உண்டு. சேலமும் நாமக்கல்லும் 1997-இல் இரு மாவட்டங்களாகப் பிரியுமுன் ஒன்றாக எண்ணப்பட்ட நிலம். சேர்வராயன் மலையடியினின்று கொல்லிமலை ஓரமாகக் காவிரிக்கரை வரை செல்லும் இச்சமவெளியில் பழைய ஓட்டுவீடுகள் இடிக்கப்பட்டு மாடிவீடுகள் எழுகின்றன. இடிக்குங்கால் வெளிப்படும் தட்டுமுட்டுகளுக்கு முன்பெல்லாம் இரண்டே கதி: ஒன்று அடுப்பு; மற்றொன்று பழைய சாமான் வாங்குவோர் வண்டி. இப்பொழுது மூன்றாவதொன்று தோன்றியுள்ளது. தேய்த்து மெருகேற்றிப் புதுவீட்டுக் கூடத்தில் அழகுக்கு நிறுத்துதலே அது. ஆட்டுக்கல்லில் நீர் நிரப்பிப் பூ மிதக்கவிடுகின்றனர்; உரலின்மேற் கண்ணாடி பரப்பி மேசையாக்குகின்றனர்; நெடுஞ்சாலை உணவுவிடுதிகளில் வண்டிச்சக்கரம் சுவரேறி நிற்கின்றது. தம் வீட்டில் இவை இல்லாதார் காரைக்குடிக்குச் சென்று பிறர் பாட்டனாருடைய நாற்காலியை விலைக்கு வாங்கி வருதலும் உண்டு. விலைக்கு வாங்கிய பாட்டனாரிடத்தும் நெஞ்சு நெகிழுமோ என்பதை வாங்கினவரைத்தான் கேட்டல் வேண்டும்.

காரைக்குடி என்றதனால் அதன் வரலாற்றைச் சிறிது கூறுதும். நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதலாகப் பருமாவிலும் பிற கீழ்நாடுகளிலும் ஈட்டிய பொருளைக்கொண்டு பருமாத்தேக்கில் தூணும் கதவும் அமைத்துப் பெருவீடுகள் எழுப்பினர். 1942-இல் சப்பானியர் பருமாவுட் புகுந்தமையும், 1948-இல் அந்நாட்டரசு நிலங்களைத் தனதாக்கச் சட்டம் இயற்றியமையும் அச்செல்வத்தின் வேரை அறுத்தன. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலராயினர். பேணவும் இயலாது பிரிக்கவும் இயலாது நின்ற வீடுகள் சில இடிக்கப்பட்டன. தூணும் கதவும் கட்டிலும் நாற்காலியும் கடைத்தெருவை அடைந்தன. எஞ்சிய செட்டிநாட்டு ஊர்த்தொகுதி 2014-இல் ஐக்கிய நாடுகள் கல்வி பண்பாட்டு நிறுவனத்தின் உலக மரபிடங்களுக்குரிய முன்வரைவுப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. ஒருபுறம் உலகம் மரபென்று போற்ற, மற்றொருபுறம் அதே மரபு துண்டுதுண்டாக விலைபோயிற்று. விற்றவரைக் குறைகூற எமக்கு மனமில்லை. பிழைப்பொழிந்த குடியினர்க்கு நாற்பது தூணைப் பேணுக என்று அறிவுரை கூறுதல் எளிது.

இனி, எம் பகுதி வீடுகளில் வழிவழி வந்த பொருள்களின் இயல்பை நோக்குவாம். அவற்றுட் பெரும்பாலன அலங்காரத்திற்குச் செய்யப்பட்டவையல்ல. மேட்டுநிலமாதலின் இங்குக் கம்பும் சோளமும் கேழ்வரகும் பெருவிளைவு. அவற்றைச் சேர்த்துவைக்க மூங்கிற்பிளாச்சாற் பின்னிச் சாணமும் மண்ணும் மெழுகிய தொம்பை இருந்தது. மண்ணாற் செய்த குதிர் இருந்தது. மேல்வழியாக இட்ட தவசத்தைக் கீழுள்ள சிறுவாய் வழியாக எடுப்பர். ஆதலின் முன் விளைந்தது முன் வெளிப்படும். கயிற்றுக்கட்டிலை எடுத்துக்கொள்வாம். கயிறு தளர்ந்தால் இழுத்துக் கட்டுவர், நைந்தால் மாற்றுவர். சட்டம் மூன்று தலைமுறை கண்டிருக்கும்; கயிறு பத்தாண்டும் கண்டிராது. எனினும் அது பாட்டனார் கட்டிலென்றே பெயர்பெறும். சேலம், இராசிபுரம், திருச்செங்கோடு முதலிய ஊர்களில் நெசவாளர் வீட்டிற்குக் குழித்தறியே நடு; மகன் தந்தையினிடமிருந்து பெற்றது தறி மட்டுமன்று, அத்தறியில் உட்காரும் வழக்கமுமாம்.

இவற்றுள் எமக்கு மிகவும் வியப்புத் தருவது கல்சட்டி. சேலத்துக்குப் பெயர்தந்த பொருள்களுள் அதுவும் ஒன்று. மென்மையான மாக்கல்லிற் கடைந்தெடுத்த அச்சட்டியைக் கடையினின்று கொணர்ந்தவுடன் அடுப்பில் ஏற்றினால் விரிசல் காணும். எண்ணெயும் மஞ்சளும் பூசிவைத்தும், வடித்த கஞ்சியைச் சூட்டோடு ஊற்றிவைத்தும் பல நாள் பழக்கல் வேண்டும். பழகியபின் புளிக்குழம்பு அதிற் கெடாது. அடுப்பினின்று இறக்கிய பின்னரும் கொதி அடங்க நேரமாகும். தாய் தன் மகளுக்குக் கொடுக்கும் கல்சட்டியின் மதிப்புக் கல்லில் இல்லை. புதுச்சட்டி சந்தையில் எளிதிற் கிடைக்கும். பழகிய தன்மையே ஆண்டுக் கொடுக்கப்படுவது. அப்பழக்கமோ அடுப்பேறுந்தோறும் மிகுவது. அதனை மாடத்தில் வைத்துச் செடி வளர்ப்பார் கல்லைப் பெற்றார். தாய் கொடுத்ததைப் பெற்றாரல்லர்.

இது நிற்க. துறவு நோக்கமுடையார் சிலர் கூறுவதொன்றுண்டு. "பொருளெல்லாம் மாயையின் காரியம், சடம், அவற்றின்பாற் செல்லும் நெகிழ்ச்சி முழுவதும் பாசமே. பழையதாயினும் புதியதாயினும் தளையே, விற்றொழிக, அன்றி விறகாக்குக" என்பது அவர் கூற்று. உலகத்தைப் பொய்த்தோற்றமென்னும் ஏகான்மவாதியார்க்கு அது பொருந்தும், நமக்குப் பொருந்தாது. மாயை உள்பொருள் என்பதும், அதன் காரியமாகிய தனு கரண புவன போகங்கள் உயிர் மலப்பிணிப்பினின்று நீங்கற்பொருட்டு முதல்வனால் ஆக்கித் தரப்பட்டனவென்பதும் சைவசித்தாந்தத் துணிபு. ஆதலின் உண்கலமும் கட்டிலும் போகப்பொருளாய் உயிர்க்குதவ வந்தவையே, இகழத்தக்கனவல்ல. சற்காரியவாதங் கொண்ட நமக்கு ஒரு பெட்டி உடைதல்கூட இன்மையாதலன்று; காரியம் தன் காரணத்தின்கண் ஒடுங்குதலேயாம்.

அஃதேல், அந்நாற்காலியில் பாட்டனார் இருக்கின்றார் என்று கண்ணீர் வடிப்பார் கூற்று உண்மையோ எனின், அதுவும் அன்று. உடம்பை விட்ட உயிர் தன் வினைக்கேற்பச் செல்வது; மரத்திற் றங்குவதன்று. மரம் தன்மேல் இருந்தவரை அறியாது. அற்றாயின் இனிமை யாண்டுளது? நினைக்கும் உயிரின்கண் உளது. ஆனால் கட்டுநிலையிலுள்ள உயிர் தானே எதனையும் அறியமாட்டாது, அறிவிக்க அறிவது. கண்ணிற்குக் கதிரொளி துணையாதல் போல, அதன் அறிவுக்குக் கருவிகள் துணையாதல் வேண்டும். நன்றி நினைத்தலும் ஓர் அறிவே. அதற்கும் ஒரு துணை வேண்டியிருத்தலின், பாட்டனார் கையாண்ட பொருள் அத்துணையாய் நின்று நினைவை எழுப்புகின்றது. மாயையை இரவில் ஏற்றிய விளக்கோடு ஒப்பிடுதல் நம் நூலோர் மரபு. விளக்கை ஏற்றியோன் அதன் ஒளியில் ஆகவேண்டிய வேலையைப் பார்ப்பான். அதன் தண்டையும் அகலையும் பார்த்துக்கொண்டே இரவைக் கழிப்பானாயின், விளக்கு இருந்தும் அவனுக்கு இருளே. முன்னோர் பொருளும் இவ்வாறே. அது எழுப்பும் நினைவு அவர் செய்த செயலிற் சென்று முடியின் உயிர்க்கு உதவி. பொருளிலேயே நின்றுவிடின் தளை.

பெரியபுராணத்துள் இரண்டு அடியார் வரலாறுகள் இதனை எமக்குத் தெளிவாக்கின. தில்லையில் திருநீலகண்ட நாயனாரிடம் சிவயோகியாய் வந்த முதல்வன் ஓர் ஓட்டைக் கொடுத்துப் பேணிவைக்கச் சொல்லிச் சென்றான். பின் அதனை மறையச்செய்து, வந்து கேட்டான். நாயனார் வேறு நல்ல ஓடு தருவதாகக் கூறியும் அவன் இசைந்திலன். பொன்னோடே யாயினும் வேண்டேன், யான் வைத்த மண்ணோடே வேண்டும் என்றான். பற்றற்றானாகிய அவனுக்கு ஒரு மண்ணோட்டின்மேற் பற்றுண்டோ? இல்லை. அடைக்கலமாக வைத்த பொருளுக்கு மாற்றுப்பொருள் இல்லை என்பதே ஆண்டு அறிவுறுத்தப்பட்டது. ஆகவே, 'எம் தாயின் சட்டியே வேண்டும், புதியது வேண்டா' என்பாரை அறிவிலார் என்று தள்ளுதல் கூடாது. விலையால் ஈடுசெய்யவொண்ணாத ஒரு பொருண்மை அவ்வாறு வைக்கப்பட்ட பொருள்களுக்கு உண்டென்பது புராணத்தாற் பெறப்படும்.

இனி, இளையான்குடி மாறனாரை நோக்குக. மழைபொழியும் நள்ளிரவில் வந்த அடியாருக்கு அமுதாக்க, விதைத்த நெல்முளையை வாரிக்கொணர்ந்த அவர், விறகின்மையின் வீட்டுக் கூரையின் மரத்தை அறுத்து அடுப்பிலிட்டார். அவ்வீடு அவர்க்கு எவ்வழி வந்ததென ஆண்டுக் கூறப்படவில்லை. அவர் அதனை எண்ணினார் என்றும் கூறப்படவில்லை. ஓரிடத்தில் ஓடும் மாற்றவொண்ணாதது. மற்றோரிடத்தில் கூரையும் எரிக்கத்தக்கது. இரண்டும் முரணோவெனின், முரணல்ல. அடைக்கலம் ஓம்புதலும் அடியார்க்கு அமுதாக்குதலும் ஆகிய தொண்டே இரண்டிடத்தும் தலைமை பெற்றது. ஓடு அத்தொண்டின்பொருட்டுக் காக்கப்படுவதாயிற்று. கூரை அத்தொண்டின்பொருட்டு அழிக்கப்பட்டது. பழமை என்னும் ஒன்றனை நாயன்மார் தனியே எடைபோட்டதாக யாம் கண்டிலம்.

ஆகமநெறியும் இதற்கு அரணாக நிற்கின்றது. நெடுங்காலம் வழிபடப்பெற்ற திருமேனி சிதைவுற்றால் அதன் பழமையைக் கருதி அவ்வாறே விட்டுவைத்தல் மரபன்று. பாலாலயம் அமைத்து, மூர்த்தியின் கலைகளைக் கும்பத்தில் ஈர்த்து, வழிபாடு ஒருநாளும் அறாதவாறு நடத்திக்கொண்டே சீரணோத்தாரணஞ் செய்வர். பயனற்ற பழைய திருமேனி மரமாயின் தீயிலும், கல்லாயின் ஆழ்நீரிலும் விடப்படும். கல்லினும் மரத்தினும் அரும்பொருள் வழிபாட்டின் தொடர்ச்சி. திருச்செங்கோட்டில் வைகாசியில் ஓடும் தேரைப் பாருங்கள். தேரின் உறுப்பு தேய்ந்தால் மாற்றுவர், பலகை உளுத்தால் புதுப்பலகை தைப்பர், தேர் ஓடுகின்றது. இதனைப் பழந்தேர் என்பதா, புதுத்தேர் என்பதா என்று வடம்பிடிப்பார் யாரும் வழக்காடக் கேட்டிலம்.

ஆனால் இம்முறையின் ஒருபாதியை மட்டும் கைக்கொள்ளுதலால் வரும் கேடும் உண்டு. உ. வே. சாமிநாதையரவர்கள் கரிவலம்வந்தநல்லூர்க்குச் சுவடி தேடிச் சென்றபோது, சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகக் கேள்வியுற்று உளம் நொந்தார். இட்டவர் தீயோரல்லர், விதிப்படி செய்தோம் என்றே எண்ணினர். பழையதைத் தீயிலிடுமுன் அதன் உயிரைப் புதியதில் ஏற்றல் வேண்டும் என்னும் முற்பாதியை மறந்தனர். படியெடுத்தபின் எரித்திருந்தால் இழப்பில்லை. இன்று கூடத்தில் உரலை நிறுத்துவோர் இதற்கு மறுதலையான பிழையைச் செய்கின்றனர். உடலை மெருகிட்டு வைத்து உயிரைப் போகவிடுகின்றனர். ஏடு எரிந்தமைக்கு இரங்குவார் பலர். உரல் இருக்கவே உரலின் தொழில் மறைந்தமைக்கு இரங்குவார் சிலரே.

இனி, வினைபற்றிய ஒன்றனைக் கூறாது விடுதல் இயலாது. கூடத்தில் நிற்கும் நாற்காலியைக் காட்டி, "நூறாண்டுக்கு முற்பட்டது, எம் பாட்டனார் இதிலிருந்தே ஊர்வழக்குத் தீர்த்தார்" என்று விருந்தினர்க்குச் சொல்லும் மொழியைப் பலகாற் கேட்டிருக்கின்றோம். சொல்லுதல் தவறன்று, சொல்லுங்கால் நெஞ்சில் நிகழ்வது யாதென்பதே வினா. நம் நூற்றுணிவின்படி வினை செய்தவன்பாலதே. தந்தையின் அறம் மகனுக்கு ஆவணம் எழுதி வாராது. பெட்டி வரும், அப்பெட்டியினின்று எடுத்து ஏழைக்கு அளந்த கையின் புண்ணியம் வாராது. அஃதறியாது பெட்டியைக் காட்டிப் பெருமிதங்கொள்ளுதல், பிறர் வினைப்பயனை எனதென்று பற்றுதலாம். 'யான்', 'எனது' என்னும் செருக்கு தன் பெயரால் நிற்க நாணுமிடத்துக் குலத்தின் பெயரால் நிற்கும். ஆணவம் இவ்வளவு பணிவான உடை உடுத்தல் வேறிடத்திற் காணல் அரிது. ஏனெனின் உடுத்தவர்க்கே அது நன்றியுணர்வாகத் தோன்றும்.

எம் பக்கத்துச் சிற்றூரொன்றிற் கண்டதை ஈண்டு உரைப்பாம். மணமாகி வந்தநாள் முதல் கட்டிலொன்றிற் படுத்துவந்த மூதாட்டியார் ஒருவர். மக்கள் புதுவீடு கட்டினர். அக்கட்டிலுக்கு மெருகேற்றிப் பட்டுவிரிப்பிட்டுக் கூடத்தில் வைத்தனர். அம்மையார்க்குப் பின்கட்டில் இரும்புக்கட்டில். மக்கள் கொடியரல்லர், வேளைக்கு உணவும் மருந்தும் குறைவின்றி அளித்தனர். அம்மையார் எம்மிடம் முறையிடவுமில்லை, "அது அழகா இருக்குதுங்க, மேல உட்காரத்தான் விடமாட்டீங்கறாங்க" என்று மட்டும் சொன்னார். நினைக்கப்படுவார் பின்கட்டில் உயிரோடிருக்க, நினைவுப்பொருள் முன்கட்டில் வணக்கம் பெற்றது. அதுமுதலே இப்பொருளை எழுதல் வேண்டுமென்று எண்ணியிருந்தோம்.

இதனினும் கொடியதொன்றுண்டு. பழைய தேர்களிலிருந்து பெயர்த்த சிற்பப்பலகை, ஊர்தியின் தலை, கோயில் விளக்கு ஆகியவை அழகுப்பொருளாக மாளிகைகளில் வைக்கப்படுகின்றன. நூறாண்டு கடந்த இத்தகைய கலைப்பொருள்களை நாடுகடத்தலைத் தடுக்க 1972-இல் இயற்றிய தொல்பொருட் சட்டம் உண்டு. திருடப்பட்ட திருமேனிகள் சில வெளிநாடுகளினின்று மீட்கப்பட்டும் உள்ளன. சைவர்க்குச் சட்டத்தை எடுத்துக்காட்டல் வேண்டா. இறைவன் உலாவந்த பலகை பாதுகைக்கூட்டின் அருகே நிற்றலைக் கண்டும் அவ்வீட்டில் விருந்துண்டு மீளும் நம்மனோர்க்கே இதனை எழுதுகின்றோம். விலைகொடுத்து வாங்கினோம் என்பது விடையாகாது. விற்றவனுக்கு அதில் உரிமை ஏது என்பதன்றோ முதல் வினா?

மரபுரிமை என்பதன் மெய்ப்பொருளை மடங்களிற் காண்கின்றோம். தருமையாதீனத்து முதற்குரவராகிய குருஞானசம்பந்தர் வழிபட்ட சொக்கநாதப் பெருமானை அவ்வழிவந்தோர் இன்றும் பூசித்துவருகின்றனர். ஆண்டு ஒருவர் பெறுவது நாடோறும் செய்தற்குரிய பூசை. பேழையும் பீடமும் அதன் பின்னே வருவன. இல்லறத்தாருள்ளும் ஆன்மார்த்தலிங்கம் தந்தைக்குப்பின் தக்க தீக்கை பெற்ற மகனையே சேரும். அத்தகையார் இல்லாவழிக் குருவினிடமோ மடத்திலோ ஒப்புவித்தலே முறையாகக் கொள்ளப்படும். யாரும் அதனைக் கண்ணாடிப்பேழையில் வைத்து நினைவுப்பொருளென்று காட்டத் துணியார். வீட்டுத் தட்டுமுட்டு சிவலிங்கத்தோடு ஒப்பாகுமோ எனின், ஆகாது. ஆனால் பெறுவோன் தகுதியை வினாவும் அவ்வழக்கத்தை, பாகப்பிரிவினையில் ஒரு மரப்பெட்டிக்காக உடன்பிறந்தார் பேச்சற்றுப் போகும் குடும்பங்களுக்குப் பரிந்துரைக்கலாம். கல்சட்டியில் யார் சமைப்பரோ அவர்க்குக் கல்சட்டி; சுவடிப்பலகையில் யார் ஓதுவரோ அவர்க்குப் பலகை. அவர் மகளேயாயினும், மருமகளேயாயினும், அயலாரேயாயினும் ஆகுக.

அற்றேல், தொழிலே அற்றுப்போன பொருள்களை என் செய்வது? கம்பு விதைப்பார் குறைந்தனர்; தொம்பை எதற்கு? கிணற்றில் மின்பொறி நீர் இறைக்கின்றது; கவலைச்சால் எதற்கு? இவ்வினா நேரியதே. வேறு தொழில் கொடுக்கக்கூடியவற்றிற்குக் கொடுக்கலாம். நெல்வைத்த மரப்பெட்டி நூல்வைத்தற்கும் ஆகும். அதுவுமாகாதவற்றைச் சேலத்திலுள்ள அரசு அருங்காட்சியகம் போன்ற இடங்கட்கோ, ஊர்ப்பள்ளிக்கோ தரலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்திராவில் பழைய வீடுகளையே பெயர்த்துக்கொணர்ந்து நிறுவியுள்ளனர். அங்ஙனந் தருவோர் பொருளோடு அதன் பெயரையும், அதன் உறுப்புகளின் பெயரையும், அதனை இயக்கும் முறையையும் எழுதித் தருதல் நன்று. தொம்பையின் கீழ்வாயை எதனால் அடைத்தனர், ஒருமுறை நிரப்பினால் எத்தனை பேர்க்கு எத்தனை மாதம் வந்தது, பஞ்சத்தில் யாருக்கெல்லாம் அளந்தனர் என்பவற்றைச் சொல்லவல்ல முதியோர் எம் பக்கத்து ஊர்களில் இன்னும் சிலர் உளர். அவரைக் கேட்டெழுதும் இளைஞர் எழுதியனுப்பின், யாம் அதனைப் படித்து மகிழ்வோம்.